கூட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள்

இரவு இரண்டே முக்கால்.
அவிநாசி சாலை ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி.
ரிமோட்டை யாரோ கொண்டுபோய்விட்டதால்
வைத்த சேனலிலேயே ஓடிக்கொண்டிருந்தது டிவி,
சத்தமில்லாமல்.

வெள்ளைத் தரை.
பனிக்கட்டி என்று புரியவே நேரமானது.
ஒரு காலைப் பின்னால் நீட்டி, தரையோடு தரையாக வழுக்கி வந்து
ஒருத்தி ஒரு கல்லைத் தள்ளிவிட்டாள்.

கல்தான். எனக்குத் தெரியாதா.
பதினேழு வருஷமாகக் கணபதியில்
கிரைண்டர் கல் கொத்துகிற கை இது.
கருங்கல். பாலீஷ் ஏற்றியது.
இருபது கிலோ பக்கம் வரும்.
தலையில் மட்டும் குக்கர் மூடிக்குப் போல ஒரு பிடி.

கல்லுக்கு முன்னால் இரண்டு பேர்
சீமாறு மாதிரி ஒன்றால்
தரையைத் தேய்த்துத் தேய்த்து ஓடினார்கள்,
ஒரு குப்பையும் இல்லாத தரையை.

மாப் பக்கெட்டோடு வந்த மயிலாத்தா நின்றுவிட்டார்.
"ஏனுங், இதுக்குப் பந்தயமா?"
"அப்பிடித்தான் தெரியுதுங்க."
"கூட்டறதுக்குக் கப்பு குடுக்கறாங்களாக்கும்!"
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அந்த நீலச் சட்டைப் புள்ள இப்பிடி அமுக்கித் தேச்சா
நாப்பது வயசுல இடுப்பு நிக்காதுங்க."

நீலப் பிடிக் கல்லைச் சிவப்புப் பிடிக் கல் அடித்து
அக்கட்டால தள்ளியது.
"கோலிக்குண்டுங்க இது" என்றேன், பெரிதாகக் கண்டுபிடித்தவனாக.
அவர் ஒத்துக்கொள்ளவில்லை.
கோலிக்கு முன்னால் யாரும் கூட்டுவதில்லையாம்.

நாற்காலியில் சென்னியப்பனின் மனைவி
செருப்புக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.
மடியில் அவன் கைக்கடிகாரம்.
உள்ளே மூன்று விரல்களைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்தவரை விதி ஒன்றுதான் பிடிபட்டது:
பிடியை விட்ட பிறகு
கல்லை யாரும் தொடுவதில்லை.
தள்ளியவள் மண்டியிட்டபடியே இருந்து
கூட்டுகிறவர்களைப் பார்த்துக் கத்துகிறாள்.
கழுத்து நரம்பு புடைக்கிறது.
நமக்கு ஒன்றும் கேட்பதில்லை.

மத்தியானம் நானும் கத்தினேன்.
"விடறேன், கைய எடு" என்றுதான் கத்தினேன்.
பக்கத்தில் கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
கத்திவிட்டு விட்டேனா,
விட்டுவிட்டுக் கத்தினேனா.

ஓனரிடம் முதல் மாதிரிதான் சொன்னேன்.
அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

திரையில் கடைசிக் கல் போலிருந்தது.
கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
கல் அவசரமே படாமல்
லேசாகத் திரும்பிக்கொண்டே வந்தது.
இரண்டு பேரும் மூச்சு வாங்கக் கூட்டினார்கள்.
மயிலாத்தாவின் கை
மாப் தடியைத் தானாக இறுக்கிப் பிடித்திருந்தது.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது.
"சென்னியப்பன் கூட வந்தது ஆருங்க?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.
கடிகாரம் கீழே விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க போங்" என்றார் மயிலாத்தா,
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
"எங்க போயி நிக்குதுன்னு
நாம் பாத்துச் சொல்றனுங்."