பதினொன்று புள்ளி மூன்று

கைனூவில் செப்டம்பர், அதிகாலை நாலே முக்கால்.
ஓய்வாவின் கொட்டிலிலிருந்து லாரிக்குப்
பால் ஏறி முடியப் பன்னிரண்டு நிமிடம்.
குழாய் துடிக்க
அண்ணாந்து நிற்கிறாள் இர்யா.

கார்த்திகைக்குச் சற்று மேலே
ஒரு வெட்டு.
யாரோ இருட்டில் கத்தியைத் திருப்பிப் பார்த்ததுபோல்.

"விமானம்" என்கிறான் ஓய்வா, கையில் வாளியோடு.
விமானமென்றால் சிவப்பும் பச்சையும் கூடவே வரும்.
"அப்போ எரிகல்."
எரிகல் ஒரே தடவைதான் சாகும்.
பேசாமல் எண்ணு.

ஒன்பது, பத்து, பதினொன்று,
இரண்டு சாண் வடக்கே தள்ளி
மறுபடி.

முதலாவதைக் கண்ணின் கோளாறு என்றுகூடச் சொல்லலாம்.
மூன்றாவதும் துருவமீனைப் பார்த்து
அதே கோட்டில் விழுந்த பிறகுதான்
கையுறையைப் பல்லால் கழற்றி எழுதுகிறாள்:
4.47. பதினொன்று புள்ளி மூன்று விநாடி.
ராக்கெட்டின் மேலடுக்கு. காலி. உருள்கிறது.

போன வருடம் இதே ஆசாமிக்கு எட்டே சொச்சம்.

"களைத்துவிட்டது" என்கிறான் ஓய்வா.
அந்தச் சொல்லை அவள் எழுதிக்கொள்ளவில்லை.
குழாய் நின்றது. இரண்டாயிரத்து முந்நூறு லிட்டர்,
ஈரத் தாளில் கையெழுத்து,
அடுத்த பண்ணைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர்
கலைமான் குறுக்கே வராமல் இருந்தால்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுப்பு.
விடியுமுன் போன்.
ஹலோ இல்லை, பெயர் இல்லை,
மூச்சிரைப்பும் பின்னால் ஒரு மாடும்.

"ஏழு" என்கிறான்.
"நிதானமாகத்தான் எண்ணினேன். ஏழு.
இது நம்முடையது இல்லை."

எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கும்போதே
அவள் பாதம்
கட்டிலடியில் செருப்பைத் துழாவுகிறது.