சாகாமத்தில் ஓர் இருமல்

மழை விட்ட மூன்றாம் நாள், நத்தார் லீவு.
லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குள்
நாலு பேர், ஒரு சட்டி, ஒரு துவக்கு.
துவக்கு என்னுடையதில்லை.
செத்துப்போன மாமனின் பேரில் லைசன்ஸ்,
பன்றிக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது.

பன்றியைப் பற்றி யாரும் பேசவில்லை,
அலியார் வந்திருந்தான்.
மரைதான் என்றான் விமலநாதன்,
போன கிழமை கட்டாரிலிருந்து வந்தவன்.
நெற்றியில் கட்டுகிற லைட் ஒன்று வைத்திருந்தான்,
விலைச்சீட்டுக்கூட இன்னும் கிழிக்கவில்லை.
"விழுந்த கையோட ஓடணும் மச்சான்.
மவுத்தான பொறகு கத்தி எதுக்கு?
பிஸ்மில்லா சொல்ல
ஒரு மூச்சு மிச்சம் வேணும் அதுக்கு."
பெட்டி குலுங்கக் குலுங்க
அலியார் கத்தியைத் தீட்டிக்கொண்டே வந்தான்.

சாகாமக் குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது.
அதற்கங்கால் வழி சதானந்தத்தின் காலில் இருந்தது.
இந்த வீரையில் இடக்கைப் பக்கம்,
இந்தக் கல்லுக்குப் பின்னால் மடு,
இதில் படுக்கலாம், இதில் படுக்கக் கூடாது.
எப்படித் தெரியும் என்று
பதினைந்து வருடமாக நாங்கள் கேட்கவில்லை.
துவக்கை நீட்டினேன்.
சட்டியை வாங்கிக்கொண்டான்.

வாடை வந்து எலும்புக்குள் குந்தியது.
பீடி பற்றவைக்கக் கூடாது,
நுளம்பை அடிக்கக் கூடாது,
விமலநாதனின் பல் மட்டும்
சொல் கேளாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிபோல் வந்தது.
சத்தமில்லை.
மடுவில் கிடந்த நிலவு உடைந்ததில் கண்டோம்.
எருமை நாம்பன் அளவு உடம்பு,
எருமைக்கு இல்லாத சந்தேகம்.
கழுத்து மயிர் நனைந்து சடையாய்த் தொங்கியது.
குடித்தது. நிறுத்தியது.
ஒரு காதை மட்டும்
எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
மறுபடி குடித்தது.

விசையில் விரல்.
லைட்டைப் போடு என்று
விமலநாதனின் தொடையில் தட்டினேன்.

அப்போதுதான் அந்த இருமல்.

ஒன்றே ஒன்று. சின்னது.
அடக்க முடியாததுபோல,
அடக்க மனமில்லாததுபோல.

பற்றை முறிகிற சத்தம் தூரத்தில் போய் முடிந்தது.
கட்டார் வெளிச்சம் பிந்தி வந்து
தண்ணீரின் வளையங்களை
ஒவ்வொன்றாய் எண்ணியது.

"எவண்டா அது?"
ஒருவரும் இல்லை.
குளிர் என்றான் ஒருவன்.
குரங்காக இருக்கும் என்றான் அலியார்.
சதானந்தம் அடுப்புக்குக் கல் தேடப் போயிருந்தான்.

விடிய மீன் டின் உடைத்தோம்.
மரைக்குத் தீட்டிய கத்தியால் வெங்காயம் அரிந்தோம்,
அலியாருக்குத்தான் கண் அதிகம் கலங்கியது.
வரும் வழியில் வட்டைக் காவல்காரர்
பன்றி கிண்டிய வரம்பைக் காட்டி,
குடலை நெல்லைக் காட்டி,
துவக்கைக் காட்டி ஏசினார்.
ஏச்சு நியாயமானது, வாங்கிக்கொண்டோம்.

பெட்டிக்குள் விமலநாதன் காதுக்குள் சொன்னான்,
நான்தான் இருமினேன், சொல்லிப்போடாதே.
தேத்தண்ணிக் கடையில் அலியார்
என்னைத் தனியே கூப்பிட்டு அதையே சொன்னான்.
சதானந்தம் சந்தியில் இறங்கும்போது
சட்டியைத் தந்தான்.
"கைபிடி ஆடுது, பாத்துப் புடி."

கேட்டது ஒரு இருமல்தான்.
எல்லோருக்கும் தலையாட்டினேன்.

துவக்கைத் துடைத்து
மாமி வீட்டு முகட்டில் செருகினேன்.
கொத்தமல்லி அவித்துத் தந்தா மாமி.
"என்ன மகன்,
தொண்டை இப்பிடிக் கரகரக்குது?"