அடியில் நீலம்

செவ்வாய் இரவுகளில்
தேவாலயத்தின் நிலவறையில்
பிங்பாங் மேசையின் வலையைக் கழற்றிவிட்டுத்
துணி விரிப்போம்.
எட்டடி நீளம், மூன்றடி அகலம்.
மெர்லின் இரண்டு முறை அளந்துவிட்டார்.
அவருக்குத் தைக்க வராது.
நாற்பது வருடம் தானியக் கிடங்கில் எடை பார்த்தவர்,
டேப்பை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார்.

மற்ற பதாகைகள் அலமாரிக்குள்
பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திச் சுருண்டு நிற்கின்றன.
வருகைக் காலத்து நீலம்.
கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஒரு முனை குட்டை,
குற்றவாளி நான்.
தவக்காலத்து ஊதா.
ஈஸ்டர் லில்லி, அதற்குள்
ஆர்டிஸின் கல்யாணக் கவுன் கால்வாசி இருக்கிறது.
(மிச்சம் எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.)
பெந்தெகொஸ்தே நாளுக்குத்தான் ஒன்றுமில்லை.
ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் வருடாவருடம்
சிவப்புக் காகிதம் வெட்டி ஒட்டுவார்கள்.
பாதிப் பாடலில் ஒரு சுடர் உதிர்ந்து
போதகரின் தோளில் விழும்.
அக்கினி நாவு இறங்கிவிட்டது என்று
யாரும் சிரிக்காமலிருக்கப் பாடுபடுவோம்.

ஆகவே இந்த வருடம் நெருப்பு என்று முடிவெடுத்தோம்.
அது ஜனவரி.

பிப்ரவரியில் கோர்லிஸின் கொட்டகை எரிந்தது.
பசுக்கள் கன்று போடும் நேரம்.
வெப்ப விளக்கு வைக்கோலில் சாய்ந்துவிட்டதாம்.
டகோட்டாவின் மைனஸ் இருபத்தெட்டில்
தீயணைப்புக் குழாயிலேயே தண்ணீர் உறைந்தது.
நாங்கள் ஒன்பது கேசரோல் கொண்டுபோனோம்.
வேறென்ன கொண்டுபோவதென்று தெரியவில்லை.

ஏப்ரலில் அவள் திரும்பி வந்தாள்.
"புறாவை அவளிடம் கொடுங்கள்," என்றாள் யூனிஸ்.
வெள்ளை. ஆபத்தில்லாத வெள்ளை.
சிவப்பு, ஆரஞ்சு அத்தனையையும்
காபிக் கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்தோம்,
அறுபது தாண்டிய ஐந்து பெண்கள்,
மிட்டாய் திருடியவர்கள் மாதிரி.

புறாவை இரண்டே வாரத்தில் முடித்தாள்.
முடித்துவிட்டுக்
கோப்பை எடுக்கப் போனாள்.

அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.
ஃப்ரிட்ஜ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு சுடர்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து
மேசையில் அடுக்கினாள்.
பன்னிரண்டு, எல்லாம் ஒரே அச்சு.

"இது இலை," என்றாள்.
"நெருப்பு இப்படி நிற்காது."

பிரிப்பூசியை எடுத்தாள்.
யூனிஸின் ஒரு மாத வேலை
கால்மணி நேரத்தில் நூலாகிக் கிடந்தது.
யூனிஸ் வாயைத் திறந்தாள்.
மேசைக்கடியில் ஆர்டிஸ் அவள் காலை மிதித்தாள்.

"அடியில் சிவப்பு கிடையாது. நீலம்.
அதுவும் கொஞ்ச நேரம்தான்.
அதற்கு மேலே ஒரு வெள்ளை, கண்கொண்டு பார்க்க முடியாது.
காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும்.
காற்றே இல்லையென்றால் தானே உண்டாக்கிக்கொள்ளும்.
உறுமும்.
லாரி ஏதோ வருகிறதென்று நினைத்தேன்."

அதைப்பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்,
அன்றைக்கும் பிறகும்.
என் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி
தவக்கால ஊதாவின் துண்டொன்றைக் கருக்கிவிட்டிருந்தது.
அந்த வாசனையை எல்லோரும் கவனித்தோம்.
அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து
கத்தரியைக் கேட்டாள்.

வருகைக் காலத்து மிச்ச நீலம் அடிக்குப் போனது.
மெர்லின் தன் வேட்டை அங்கியைக் கொடுத்தார்,
மைலுக்கு அப்பாலும் தெரியும் அந்த ஆரஞ்சு,
எப்படியும் மான் ஒன்றும் கிடைப்பதில்லை என்றபடி.
காற்றுக்குத் தனியாகத் துணி வெட்டவில்லை.
மேல்துணி, பஞ்சு, கீழ்த்துணி
மூன்றையும் சேர்த்துச் சாய்வாக ஓட்டிய
சாம்பல்நிறத் தையல்தான் காற்று.
தள்ளி நின்றால் தெரியாது.
தடவினால் விரலுக்குத் தெரியும்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு.
மே கடைசியிலும் குளிர்.
இரண்டாம் பாடலில் ஹீட்டர் உறுமிக்கொண்டு தொடங்க,
பதாகையின் கீழ்ப்பாதி அசைந்தது.

கடைசி வரிசையில், கதவோரம்,
கோர்லிஸ் எழுந்தாள்.
நாங்கள் கழுத்தைத் திருப்பாமல் பார்த்தோம்.
கதவு அவளுக்கு இரண்டடியில் இருந்தது.
அவள் நடுப்பாதையில் முன்னே நடந்தாள்,
பாட்டு நிற்கவில்லை,
ஓரத்தில் தொங்கிய ஒரு சிவப்பு நூலைக்
குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.
திரும்பி வந்து
பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாள்.

போதகரின் கை மட்டும்
பழக்கத்தில்
தோளைத் தட்டிவிட்டது.