எரிகோவில் தாடி வளர்த்தது

இழவு கேட்கத்தான் போனோம்.
செத்தவர் அவர்களுடைய அரசர்; எங்கள் அரசருக்கு
எப்போதோ ஒரு பஞ்சத்தில் சோறு போட்டவராம்.
கழுதைமேல் தைலக் குப்பி, மடித்த சாக்குத்துணி,
வாய்க்குள் ஒத்திகை பார்த்த ஆறுதல் சொற்கள்.

ரப்பாவில் அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.
ஒற்றர் என்றார்கள்.
முக்காலி போட்டு உட்காரவைத்து
நாவிதனை அழைத்தார்கள்.
பாதி. இடப்பக்கம் மட்டும்.
அவன் கை நடுங்கியது.
"அசையாதீர் ஐயா, கீறிவிடும்."
பதினாறு வயதுக்குப் பிறகு
அந்தக் கன்னம் காற்றைக் கண்டதில்லை.

பிறகு அங்கியை இடுப்போடு வெட்டினார்கள்.
சபை சிரித்தது.
தூணருகே ஒரு சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை.
அவனைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

யோர்தானை இருட்டில் கடந்தோம்.
சக்கூர் வழிநெடுகப் பேசவில்லை,
ஒரே ஒருமுறை "மயிர்தானே" என்றான்,
சொல்லிவிட்டு அவனே அழுதான்.

அரண்மனையிலிருந்து ஆள் வந்தான், மாற்றுத்துணியோடு.
எங்களைப் பார்க்காமல்
ஒரு பேரீச்ச மரத்தைப் பார்த்துச் சொன்னான்:
முகம் நேராகட்டும், அப்புறம் ஊருக்கு வரலாம்.

எரிகோ அப்போது மதில் இல்லாத ஊர்.
மறைய ஒரு சுவர் இல்லை.
"அந்தப் பக்கத்தையும் மழித்துவிட்டால் தீர்ந்தது"
என்றாள் அப்பம் சுடுகிறவள்.
மாட்டோம். அது எங்களுடையது.
ஈச்ச முள்ளை வைத்து அளந்தோம்:
ஒரு வாற்கோதுமை நீளம். இரண்டு.
வியர்வையில் அரித்தது. சொறிந்தால் உதிருமோ என்று
கையைக் கட்டிக்கொண்டு தூங்கினோம்.

இதற்குள் எங்களுக்காகப் போர் மூண்டிருந்தது.
எங்களை யாரும் கேட்கவில்லை.
படை கிழக்கே போனபோது
முக்காடிட்டு வழியோரம் நின்றேன்.
வரிசைக்குள்ளிருந்து என் தம்பி யாமீன் கண்டுபிடித்துவிட்டான்,
என் நிற்கும் விதத்தை வைத்து.
"அண்ணா, மீதிப் பாதியை வாங்கி வருகிறேன்!"
அவனுக்கு இன்னும் மீசைகூட அரும்பவில்லை.

ஒரு விரற்கடை வளர்ந்த வாரம்
சேதி வந்தது.
மதிலுக்கு மிக அருகில் போய்விட்டார்களாம்.
மேலிருந்து பெண்கள்கூடக் கல் எறிந்தார்களாம்.
உடல் கிடைக்கவில்லை.

சேணத்துக்கு அடியில் சாக்குத்துணி அப்படியே இருந்தது,
போன இழவுக்கு எடுத்துப்போனது,
மடிப்புக்கூடக் கலையாமல்.
உடுத்திக்கொண்டேன். அடுப்புச் சாம்பல்
அப்பக்காரி தந்தாள், காசு வாங்கவில்லை.

சக்கூர் தண்ணீரும் கத்தியும் கொண்டுவந்து
எதிரில் குந்தினான்.
வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தான்.
எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டான்.