சீரான பிழை

நாய் ஒரு விலங்கு, பூனை ஒரு விலங்கு,
இரண்டுக்கும் 'கத்து' என்று ஆணையிட்டால்
அதனதன் குரலில் அது அது கத்தும் என்றார்
விரிவுரையாளர் மக்கான்யா.
புத்தகத்திலும் அதே நாய். அதே பூனை.
மூன்று வாரமாய்க் கத்திக்கொண்டே இருந்தன,
எனக்கு எதுவும் கேட்கவில்லை.

கேட்டது டாக்ஸியில்.
சாட்ஸ்வொர்த்திலிருந்து வார்விக் சந்திப்புக்கு
பதினைந்து பேர் அமரும் வண்டியில் பதினெட்டுப் பேர்.
பின்னிருக்கையிலிருந்து என் ஐம்பது ராண்ட் தாள்
தோள் தோளாய் முன்னே போகிறது.
சில்லறை தோள் தோளாய்த் திரும்பி வருகிறது.
முன்னால் யார் கணக்குப் பார்த்தார்கள்,
யார் பாக்கியை யாரோடு கழித்தார்கள்,
தெரியாது. தெரியவும் வேண்டாம்.
கொடுத்தேன், வந்தது.
இதைத்தான் அந்த மனிதர் இத்தனை நாளாய்
பல்லில் ஒட்டும் ஓர் ஆங்கிலச் சொல்லால்
சொல்லிக்கொண்டிருந்தார்.

டர்பனில் ஆள்காட்டி விரலை
வானுக்கு நீட்டினால் நகரம்.
அதே விரலை ஜோஹன்னஸ்பர்க்கில் நீட்டிய என் அக்காள்
நினைக்காத இடத்தில் இறங்கி
போனில் அழுதாள்.
ஆணை ஒன்று, கேட்பவன் வேறு.
நாயும் பூனையும் அன்றுதான் கத்தின.

இரண்டாம் ஒப்படைப்பு:
'மனிதர்' என்றொரு கிளாஸ் எழுதுக.
பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி.
வெள்ளி நள்ளிரவுக்குள்.
எட்டு மணிக்கு மின்வெட்டு.
மடிக்கணினியில் பதினொரு சதவீதம் உயிர்.
நோக்வாண்டா போன் வெளிச்சம் பிடிக்க
நான் தட்டினேன்.

"இனம் என்று ஒரு கட்டம் வேண்டாமா?
உதவித்தொகைப் படிவத்தில் இருக்கிறதே."
வெளிச்சம் ஒரு நொடி என் விரல்களை விட்டு விலகியது.
"எப்படிப் போடுவாய்? பப்ளிக்கா, பிரைவேட்டா?
பிரைவேட் என்றால் வெளியே தெரியாது."
என் முகத்தில் விளக்கை அடித்துக்கொண்டே
இதைச் சொன்னாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முன்பு இந்த நாடு அதை ஃபைனல் என்று எழுதியிருந்தது.
மாறாத மாறி.
மாற்றச் சொல்லி மனுப்போட்டவர்களும் உண்டாம்.
சோதனை உள்ளீடு: ஒரு பென்சில், கொஞ்சம் தலைமுடி.
நிற்கிறதா, விழுகிறதா.
அந்த வரியைக் காலியாக விட்டேன்.
கம்பைலர் ஒன்றும் கேட்கவில்லை.

இருபதுக்குப் பதினெட்டு வந்தது.
குடும்பப்பெயர் என்ற மாறியில்
இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டதாம்,
இருட்டில், அவசரத்தில்.
அறிவித்த இடத்திலும் அதே பிழை,
அழைத்த இடத்திலெல்லாம் அதே பிழை,
ஆகவே நிரல் ஓடியது,
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.
மக்கான்யாவின் ஓரக்குறிப்பு:
"தவறு சீராக இருந்தால்
கணினிக்கு அதுதான் பெயர்."

நான் தெலேஷ்ணி மூன்சாமி.
முனுசாமி என்று எவரோ சொல்ல
காதில் விழுந்தபடி எவனோ எழுதினான்
ஒரு கப்பல் பட்டியலில்.
நிலவுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.
பிறகு கரும்புத் தோட்டத்துக் கூலிப் புத்தகத்தில்,
பள்ளிப் பதிவேட்டில், தண்ணீர் வரி ரசீதில்,
அப்பாவின் அடையாள அட்டையில்
எழுத்துப் பிசகாத அதே பிசகு.
நூற்று நாற்பது வருடமாய் ஓடுகிறது.

"திருத்தட்டுமா?" என்றாள் நோக்வாண்டா,
கர்சரை அந்தச் சொல்மேல் நிறுத்தி.
ஓரிடத்தில் திருத்தினால்
பதினேழு இடத்தில் சிவப்புக் கோடு விழும்.
'எல்லாவற்றையும் மாற்று' என்றொரு பொத்தான் உண்டு.
அழுத்தினாள்.
ஒரு கண்சிமிட்டு நேரம்.
அவ்வளவுதான், கோப்பு சுத்தம்.
இரண்டு மதிப்பெண் மட்டும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை வருகைப் பதிவில்
"மூன்சாமி" என்று கூப்பிட்டார்.
ஆள்காட்டி விரலை வானுக்கு நீட்டினேன்.
சன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு டாக்ஸி
தன்னைத்தான் என்று நினைத்ததோ என்னவோ,
இருமுறை ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.