கதிரைக் கணக்கு

எழுபதுக்கு மேல் போடாதே என்பாள் ரெகூலா.
வெறுங்கதிரையைப் பார்த்துப் பாடினால்
தொண்டை கட்டும் என்பது அவள் சித்தாந்தம்.
நான் அறுபதோடு நிறுத்துவேன்.
ஆட்கள் கூடினால்
ஓடிப்போய் எடுத்து விரிக்கிற சத்தம்
மேடையில் நிற்பவருக்கு முதல் கைதட்டல்.

நீடர்மூஸில் இது முன்பு சீஸ் பட்டறை.
செம்புக் கொப்பரை இருந்த வட்டத்தில் மேடை.
சுவர் மட்டும் இன்னும் தொழில் மாறவில்லை.
நூறு உடம்பின் சூடு ஏறினால்
சுண்ணாம்புக்குள் படுத்திருக்கும் பழைய புளிப்பு
எழுந்து வந்து பின்வரிசையில் நிற்கும்.
பதினொரு வருஷத்தில் இரண்டு தரம்தான் மணத்தது.
ஒன்று, தீயணைப்புப் படையின் பித்தளை வாத்தியம்.
மற்றது எங்கள் பிள்ளைகளின் கலைவிழா:
முப்பது நடனம், மூன்று மணி நேர நன்றியுரை.
அன்று கொத்துரொட்டியை மிஞ்ச
சுவராலும் முடியவில்லை.

மற்றபடி,
பாசலிலிருந்து வந்த கவிஞருக்கு ஒன்பது பேர்.
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
புத்தகம் வாங்கியது அவர் மட்டும்.
மரம் அறுக்கும் வாளை வில்லால் இழைத்து
அழவைத்த பெண்ணுக்குப் பதினேழு, ஒரு நாய்.
தேனீ உரைக்கு நாற்பத்திரண்டு.
பொம்மலாட்டத்தில் வேட்டைக்காரன் வந்தபோது
ஒரு குழந்தை எழுந்து
ஓநாயை எச்சரித்தது.
எல்லாம் என் கொப்பியில் உண்டு:
திகதி, நிகழ்ச்சி, கதிரை.

கார்த்திகையில் ஊர்மன்றக் கூரை ஒழுகியது.
வரவுசெலவுக் கூட்டம் எங்களிடம் வந்தது.
ஏழாம் விடயம் எங்கள் மானியம்,
வேண்டுமா வேண்டாமா.

இருநூற்றுப் பதினான்கு போட்டேன்.
பள்ளிக்கூடத்து இரவல் கதிரை,
தேவாலயத்து வாங்கு,
போதவில்லை.
ஒருநாளும் எட்டிப் பார்க்காத முகங்கள்
கோட்டு மாட்ட ஆணி தேடி
"அட, உள்ளே நல்லாத்தான் இருக்கு" என்றன.

இருபத்தாறு பசுவின் சொந்தக்காரர் ட்சௌக் எழுந்தார்.
"பனி வழிக்கும் வண்டிக்கு டயர் வாங்கக் காசில்லை.
வாளை அழவைக்கக் காசிருக்கிறது."
மண்டபம் குலுங்கியது.
அந்தச் சிரிப்பு கடைசி வாங்கு வரை போக
ஒலிவாங்கியை ஏற்றிவிட்டவள் நான்.
ரெகூலா பேசும்போது அது கீச்சிட்டது.
அதை அடக்கியதும் நான்தான்.

எனக்கு வாக்கில்லை.
சிவப்புக் கடவுச்சீட்டு இல்லாதவர்
ஓரத்தில் இருக்க வேண்டுமாம்.
ஒலிப்பலகை இருப்பதும் ஓரத்தில்தான்,
எழும்ப வேண்டிய வேலை மிச்சம்.

கைகள் எழுந்தன.
எண்ணுவதற்கென்று நியமித்த நால்வர் எண்ணினார்கள்.
பழக்கதோஷம், நானும் எண்ணினேன்.
அப்போதுதான் மூன்றாம் தரமாக வந்தது
அந்தப் புளிப்பு.
ட்சௌக் பக்கத்திலிருந்தவரின் சப்பாத்தைச்
சந்தேகமாய்ப் பார்த்தார்.

வேண்டும் நூற்றொன்பது, வேண்டாம் நூற்றெட்டு
என்று அறிவித்தார்கள்.
என் கணக்கில் நூற்றெட்டும் நூற்றெட்டும்.
சமமானால் தலைவர் தீர்ப்பார்.
தலைவருக்குப் பனிவண்டி பிடிக்கும்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
புழுக்கம் தாங்காமல் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து
தலைக்கு மேலே கையை உருவினாள்.
அதையும் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.
ஓரத்தில் இருப்பவர்
வாய் திறக்கக் கூடாதென்றும் சட்டம் உண்டு.
இவ்வளவு வடிவாய் ஒரு சட்டத்தை
நான் மதித்ததே இல்லை.

எல்லோரும் போன பிறகு
ட்சௌக் நின்று கதிரை மடித்தார், எட்டெட்டாய்.
தோற்ற கோபத்தில் அடுக்கும்போது
அடுக்கு நேராய் வருகிறது.
கடைசியில் கேட்டார்:
"அந்தப் பெண் வாசித்தது
சாதாரண வாளா? பல் உள்ளதா?"
"பல் உள்ளது" என்றேன்.
"ம்" என்றார்.

கொப்பியைத் திறந்து திகதி எழுதினேன்.
நிகழ்ச்சி என்ற கட்டத்தில் பேனை கொஞ்சம் நின்றது.
"கைகள்" என்று எழுதினேன்.

சனிக்கிழமை யாழ் இசை.
அறுபது போட்டேன்.
பதினான்கு.