இரண்டு வாரம் சௌனா கிடையாது

வெய்யோ, சட்டைக் கையை ஏன் மடிக்கிறீர்கள்?
ஊசி காலில்தான்.

உட்காருங்கள். முதலில் ஸ்கேன்.
குளிர்ந்த ஜெல்லைத் தடவித் தொடையிலிருந்து கணுக்கால்வரை
எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை,
மேலே போகவேண்டிய ரத்தம் எங்கே வழுக்கி இறங்குகிறது
என்று தேடுவார்கள்.
ஐஸ் ஹாக்கி அரங்கில் முப்பது வருஷம் நின்ற கதையை
உங்கள் கால் அவர்களுக்குச் சொல்லிவிடும்.
நான் நின்றது பள்ளிச் சமையலறையில்.
வியாழன்தோறும் பட்டாணி சூப்,
இருநூறு லிட்டர் அண்டா.
அதற்கும் நாற்காலி இல்லை, எனக்கும் இல்லை.

வலிக்காகத்தான் வந்தேன் என்று படிவத்தில் எழுதினேன்.
பாதி பொய்.
தம்பெரேயில் எங்கள் தெருமுனைப் பொதுச் சௌனா,
புதன்கிழமை பெண்கள் முறை.
பிறந்தமேனிக்கு மேல்படியில் வெந்துகொண்டிருந்தோம்.
அறுவைத் தழும்பு, பிரசவக் கோடு, தொங்கிய தோள்,
எதையும் யாரும் பார்ப்பதில்லை. அதுதான் அங்கே மரியாதை.
கீழ்ப்படியில் நாலு வயசு ஒன்று,
என் கெண்டைக்காலுக்கு நேர் எதிரே:
"உள்ளே புழு இருக்கா?"
அம்மாக்காரி வாயைப் பொத்தினாள்.
யாரோ கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினார்கள்,
தேவைக்குமேல் இரண்டு கரண்டி.

ஊசியா? மெல்லியது.
மருந்தைக் காற்றோடு கலக்கி நுரையாக்கி
வீங்கிய சிரைக்குள் விடுகிறார்கள்.
ஒரு கடுப்பு, கொஞ்சம் பிடிப்பு,
உள்சுவர் வெந்து ஒட்டிக்கொள்கிறது.
ரத்தம் வேறு வழி பார்த்துக்கொள்ளும்,
அதற்குத் தெரிந்த வழிகள் நம்மைவிட அதிகம்.

முடிந்ததும் இறுக்கமான நீளக் காலுறை.
அதை மாட்டுவதுதான் உண்மையான சிகிச்சை;
என் கணவர் யூர்யோ கட்டிலில் முட்டுக்கொடுத்து இழுத்தார்,
திருமணமாகி அவ்வளவு நெருக்கம் கண்டதில்லை.
படுத்துவிடாதீர்கள். உடனே நடங்கள்.
நான் ஏரிக்கரையில் அரைமணி நேரம் நடந்தேன், மைனஸ் பதினொன்று.
நீண்ட விமானப் பயணம் இப்போதைக்கு வேண்டாம்.
சௌனா இரண்டு வாரம் கூடாது.
ஆமாம், நானும் அப்படித்தான் பார்த்தேன் டாக்டரை.

இரண்டு புதன்கிழமை வாசற்படியில்,
கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்தேன்.
உள்ளேயிருந்து சிவந்து ஆவி பறக்க வந்தவர்கள்
ஆளுக்கொரு வாய் பீர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அழகு மறுநாளே வராது.
முதலில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றும்.
தொட்டால் நோகும் கயிற்றுக் கட்டி ஒன்று வந்தது எனக்கு,
போய்க் காட்டினேன், குத்தித் தேங்கிய ரத்தத்தை எடுத்தார்கள்.
அப்புறம் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கோடு,
எட்டு மாதமாகியும் மங்கிக்கொண்டேதான் இருக்கிறது.
சில வருஷத்தில் பக்கத்திலேயே புதுசு முளைக்கலாம்.
யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை,
அதனாலேயே அவர்களை நம்பினேன்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ
மூச்சு வாங்கினாலோ
நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.
அன்றே, அந்த நிமிஷமே கூப்பிடுங்கள்.

என்ன, முகம் மாறுகிறது?

தாய்லாந்திலிருந்து திரும்பியபோதா?
காலில் ரத்தம் கட்டியதா?
எத்தனை மாதம் மாத்திரை?
"பழைய கதை" என்றா அந்தக் கட்டத்தைக்
காலியாக விட்டீர்கள்?

வெய்யோ,
நர்ஸ் சய்யா கேட்பதெல்லாம் ஒப்புக்கு இல்லை.
ஒவ்வாமை, இதயத்தில் ஓட்டை,
கண்ணில் மின்னல் வெட்டும் தலைவலி,
கர்ப்பமா என்றுகூட
ஐம்பத்தெட்டு வயசில் என்னிடம் கேட்டாள்.
சொன்னால் திருப்பி அனுப்பலாம்,
வேறு வழி சொல்லலாம்,
இதையே கூடுதல் கவனத்தோடு செய்யலாம்.
அது அவர்கள் முடிவு. சொல்வது மட்டும் உங்களுடையது.

கதவு திறக்கிறது. உங்கள் பெயர்தான்.

எழுந்தார். கண்ணாடியைத் தேடினார்.
கதவுப் பக்கம் போகாமல் என் பக்கம் திரும்பி,

"பேனா இருக்கா?"